குஸ்தாவ் டி லாவல்: வளைந்து வென்ற அச்சு

தேர்ந்த கம்மியன் கடைந்த சக்கரமாயினும் அதன் திணிவு மையம் நட்டநடுவில் அமைவதில்லை. மயிரிழையளவேனும் விலகியே நிற்கும். மெல்லச் சுழலுங்கால் அக்குறை தோன்றாது. வேகம் இருமடங்காயின் மையநீக்க விசையோ நான்மடங்காகும். நிமிடத்திற்கு 30,000 முறை சுழலும் சக்கரத்தின் திணிவு மையம் ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு விலகியிருப்பினும், சக்கரத்தின் நிறையைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு விசை அச்சை இழுக்கும். அச்சைத் தாங்கும் போதிகைகள் அதனைப் பொறா. இவ்விடரை எதிர்த்து நில்லாது, இடங்கொடுத்து வென்ற பெரியார் குஸ்தாவ் டி லாவல்.

1845 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஓர்சா என்னும் ஊரிற் பிறந்த அவர், ஸ்ரொக்ஹோமில் எந்திரவியல் கற்று, 1872 இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பாலிலிருந்து ஆடையைச் சுழற்சியாற் பிரிக்கும் பொறியை 1878 இல் ஆக்கினார். அதனைச் சுழற்றவல்ல வேகமிக்க இயந்திரத்தை நாடியே நீராவிச் சுழலியிற் கருத்தைச் செலுத்தினார்.

ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் அவதி வேகம் உண்டு. அதனை எட்டும்போது அச்சின் அதிர்வு பெருகும். அவ்வெல்லைக்கு அப்பாற் சுழற்சி நிலைபெறாது என்று 1869 இல் ரங்கின் என்னும் அறிஞர் முடிவு செய்திருந்தார். ஆதலின் தடித்த, வளையாத அச்சே ஏற்றதெனக் கருதப்பட்டது. டி லாவலோ மெல்லிய, வளையும் இயல்புடைய உருக்கு அச்சைப் பொருத்தினார். அவதி வேகத்தை அணுகுங்காற் சக்கரம் நடுங்கிற்று. விரைந்து கடந்ததும் அமைதியுற்றது. கடக்குமுன் பாரமான பக்கம் வெளிப்புறம் நிற்கும். கடந்தபின் அது உட்புறமாகும். அச்சு வளைந்து இடங்கொடுக்க, சக்கரம் தன் திணிவு மையத்தையே நடுவாகக் கொண்டு சுழலும். 1895 இல் ஜேர்மன் அறிஞர் பொப்பிளும், 1919 இல் அயர்லாந்தினரான ஜெவ்கொற்றும் இதற்குக் கணித விளக்கம் அளித்தனர்.

பல நிறுவனங்களைத் தோற்றுவித்த டி லாவல், ஈட்டிய பொருளைப் புதிய முயற்சிகளிலேயே செலவிட்டு, 1913 பெப்ரவரி 2 ஆம் நாள் வறியவராகவே மறைந்தார். ஆயினும் இன்று பெருஞ் சுழலிகள் பல அவதி வேகத்தைக் கடந்தே இயங்குகின்றன.

கணிதம் விதித்த எல்லையை அவர் இகழ்ந்தாரல்லர். பட்டறையிற் சோதித்துப் பார்த்தார். ஏட்டிற் கண்ட முடிவை அவ்வாறு சோதிக்கும் துணிவே விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் அவரிடம் பெறத்தக்க செல்வமாகும்.