டாக்டர் லாங்டன் டவுன்

அறிவிற் குறைந்தோர் என்று உலகம் ஒதுக்கிய மக்களும் கல்விக்கு உரியரே என்பதைத் தம் வாழ்நாட் பணியால் விளக்கியவர் டாக்டர் ஜான் லாங்டன் டவுன் என்னும் பெரியார். இவர் 1828-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சார்ந்த டார்பாயிண்ட் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே பள்ளியை விடுத்துத் தந்தையாரின் கடையில் உழைக்க நேர்ந்தது. ஆயினும் கல்வி வேட்கை தணிந்திலது. லண்டன் சென்று, 1853-இல் மருத்துவ மாணவராகச் சேர்ந்து, முதன்மையுறத் தேறினார்.

புகழும் பொருளும் தரும் பணிகள் பல இருப்பவும், 1858-இல் சர்ரே பகுதியிலிருந்த எர்ல்ஸ்வுட் இல்லத்தின் மருத்துவத் தலைமையை அவர் ஏற்றார். அறிவு வளர்ச்சி குன்றியோர் வாழ்ந்த இடம் அது. ஆங்கு அடித்துத் திருத்தும் வழக்கத்தை விலக்கினார், தாமே உண்ணவும் உடுக்கவும் பயிற்றுவித்தார், கைத்தொழில் கற்பித்தார். எண்ணும் நிறையும் நாணயமும் விளங்குதற்பொருட்டு ஒருவர் விற்கவும் மற்றவர் வாங்கவுமாகக் கடை நடத்திப் பழகுவதும் பாடமாயிற்று.

1866-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கிய டவுன் நோய்க்குறியின் இயல்புகள் அதில் விளக்கம் பெற்றன. அம்மக்கள் பிறர் செய்வது கண்டு செய்யும் திறனும் நகைச்சுவை உணர்வும் உடையர் என்பதையும், நாவிற்குத் தரும் பயிற்சியால் அவர்தம் பேச்சுத் திருந்தும் என்பதையும் குறித்தார். எனினும், அவர்களை ஓர் ஆசிய இனத்தாரோடு ஒப்பிட்டுப் பெயரிட்டது பெரும்பிழை. 1959-இல் லெழேன் முதலிய பிரெஞ்சு அறிஞர், 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுந்திருத்தலே காரணம் எனக் காட்டினர். 1965-இல் உலக சுகாதார நிறுவனம் அப்பழம்பெயரைக் கைவிட்டது.

நிற்க. 1868-இல் டவுனும் அவர் மனைவியார் மேரியும் நார்மன்ஸ்பீல்டு என்னும் தம் சொந்த இல்லத்தை நிறுவினர். 1879-இல் அங்கு நாடக அரங்கமும் எழுந்தது. 1896-இல் டவுன் மறைந்தார். 1905-இல் அவர் மைந்தர்க்குப் பிறந்த மகவு, அதே குறியோடு பிறந்தது! பாட்டனார் அமைத்த இல்லமே அப்பேரனுக்கும் புகலாயிற்று.

அவர் வகுத்த இனப்பிரிவு வீழ்ந்தது. கற்பித்துப் பார்த்துப் பின்னரே அளவிட்ட அவர் முறையோ நிலைத்தது. இத்தகையோர் கற்கும் வகையை ஆராய்வோர்க்கும், அவ்வாராய்ச்சிக்குத் துணைபுரிவோர்க்கும் வழி காட்டுவது அதுவே. ஒருவரைக் கல்லார் எனத் துணியுமுன், அவர்க்குக் கற்பித்தோமா என்று நம்மை நாமே வினவுதல் கடனன்றோ?