மோசஸ் குவின்பியும் புகைத்துருத்தியும்

தேன் இனிது, ஆயின் அதனைப் பெறும் வழி நெடுங்காலம் கொடிதாயிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலையுதிர்காலம் வந்ததும், தேனீ வளர்ப்போர் பலர் நிலத்திற் சிறு குழி தோண்டி, அதிற் கந்தகந் தோய்ந்த துணியைக் கொளுத்தி, அதன்மேற் கூட்டை வைத்து, தேனீக்கள் யாவும் மடிந்தபின் தேனெடுப்பர். அக்கொலைப் புகையை ஒழித்து, உயிர் காக்கும் புகையைத் தொழிலுக்குத் துணையாக்கியவருள் தலையாயவர் மோசஸ் குவின்பி.

இவர் 1810-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்திற் பிறந்தார். இளமையில் மர அறுப்பாலையிற் கூலிக்கு உழைத்துச் சேர்த்த சிறு பொருளைக் கொண்டு தேனீ வளர்ப்பைத் தொடங்கினார். கூட்டின் மேற்புறத்திற் பெட்டிகளை வைத்தால் தேனீக்கள் மிகுதித் தேனை அவற்றிற் சேர்க்குமென்றும், அவற்றைக் கொல்லாமலே அத்தேனை எடுக்கலாமென்றும் கண்டு, அம்முறையையே கைக்கொண்டார். தம் அனுபவத்தை 1853-இல் நூலாக வெளியிட்டார். லாங்ஸ்ட்ராத் என்னும் போதகர் 1852-இல் காப்புரிமை பெற்ற, சட்டங்களைத் தனித்தனியே எடுக்கத்தக்க கூட்டைப் பின்னர்த் தாமும் ஏற்றுக்கொண்டார்.

சட்டங்களை அடிக்கடி எடுத்துப் பார்க்க நேர்ந்தமையால், தேனீக்களை அமைதிப்படுத்தும் புகை இன்றியமையாததாயிற்று. அந்நாளிற் புகையுங் கட்டையையோ கந்தையையோ கையிற் பிடித்து வாயால் ஊதுவர். புகை பெரும்பாலும் ஊதுவோர் கண்ணிலேயே புகும். குவின்பி தமது இறுதி ஆண்டுகளில், தகரக் குழாயுடன் சிறு தோல்துருத்தியை இணைத்து, ஒரு கையால் இயக்கத்தக்க கருவியை அமைத்தார். அதற்குக் காப்புரிமை பெறாது, யாவரும் செய்துகொள்ளுமாறு விடுத்தார்.

கருவி நன்றாயினும் பயன் எரிபொருளைப் பொறுத்தது. கொழுந்துவிட்டெரியும் பொருள் தேனீக்களின் சிறகைப் பொசுக்கும். உளுத்துலர்ந்த மரத்துண்டு, பழஞ்சாக்கு, பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலை முதலியன மெல்லக் கனன்று குளிர்ந்த வெண்புகை தரும். எண்ணெயோ நச்சு மருந்தோ படிந்தவை விலக்கத்தக்கன. எளிதிற் பற்றும் பொருள் சிறிதை அடியிற் கொளுத்தி, துருத்தியை மெல்ல அமுக்கி, நெருப்பு நன்கு பற்றியபின்னரே மேலும் இட்டு நிரப்பவேண்டும். முதலிலேயே திணித்தால் அவிந்துபோம். மேலே ஒரு பிடி பசும்புல் இட்டாற் பொறி பறவாது. வெளிவரும் புகை கையிற் பட்டாற் சுடலாகாது. இத்தகைய புகை தேனீக்களின் எச்சரிக்கை மணத்தை மறைத்து, அவற்றைத் தேன் உண்ணவுந் தூண்டுகின்றது.

குவின்பியின் கருவியில் ஒரு குறை இருந்தது: ஊதுதல் நின்றால் நெருப்பு அவியும். அவர் 1875-இல் மறைந்தபின், மிச்சிகனைச் சேர்ந்த பிங்காம் என்பவர் துருத்திக்கும் நெருப்புக் குழாய்க்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டு, காற்றுத் தானே புகச் செய்து, அக்குறையைத் தீர்த்தார். இன்று உலகெங்கும் வழங்கும் புகைக்கருவிகள் அவ்விருவர் உழைப்பின் வழிவந்தனவே.

கந்தகத்தைக் கொளுத்தியதும் நெருப்பே. உளுத்த மரத்தைக் கனலச் செய்ததும் நெருப்பே. எதனை இடுவது, எவ்வளவு ஊதுவது என்று தேர்ந்தறிந்த பொறுமையே கொலைத்தொழிலை வளர்ப்புத்தொழிலாக்கிற்று. குவின்பியின் பெருமை அதுவேயாம்.