உழவராய் வாழ்ந்த மூத்த கேட்டோ

உழவைப் போற்றும் நம் சங்கத்தார்க்குப் பண்டை ரோமாபுரியில் விளங்கிய ஓர் உழவரின் சரிதம் பயன்படுமென்று கருதி, அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

மார்க்கஸ் போர்சியஸ் கேட்டோ என்னும் இப்பெரியார் கி.மு. 234-ஆம் ஆண்டில் ரோமாபுரிக்கு அணித்தாகிய டஸ்குலம் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையாரின் நிலம் சபைன் நாட்டில் இருந்தது. கார்த்தேஜ் நாட்டுப் படைத்தலைவன் ஹன்னிபால் இத்தாலியைக் கலக்கிய காலத்தில், இவர் 17 வயதிலேயே போர்க்களம் புகுந்தார். போரில்லாத நாட்களில் ஏவலாளரோடு வயலில் உழைத்து, அவர்களோடு ஒருங்கிருந்து உண்டார். கி.மு. 195-இல் கான்சல் என்னும் தலைமைப் பதவியையும், 184-இல் குடிகளின் ஒழுக்கத்தை ஆராயும் சென்சார் பதவியையும் எய்தினார். உழவைப் பற்றி இவர் இயற்றிய நூலே இன்று முழுமையாகக் கிடைக்கும் லத்தீன் உரைநடை நூல்களுள் மிகப் பழையது.

இவர் தம் மைந்தனை வளர்த்த முறை நம்மனோர் உள்ளத்திற் பதியத்தக்கது. கற்றறிந்த அடிமையொருவன் இவர் இல்லத்திலேயே பிறர் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லி வந்தான். ஆயினும் எழுத்து, சட்டம், ஈட்டியெறிதல், குதிரையேற்றம், நீச்சல் ஆகியவற்றைத் தம் மைந்தனுக்கு இவரே கற்பித்தார். நாட்டு வரலாற்றையும் தம் கையாற் பெரிய எழுத்துக்களில் எழுதிக் கொடுத்தார். அம்மைந்தன் கி.மு. 168-இல் பிட்னாப் போரில் வாளை இழந்து, அதனை மீட்டன்றித் திரும்பேனெனத் துணிந்து, நண்பரோடு மீண்டும் களம்புகுந்து மீட்டான். பின்னர் 152-இல், நீதித்தலைமைப் பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்த நிலையில் அவன் இறந்தான். எண்பதைக் கடந்த தந்தையார் அத்துயரைத் தாங்கி, பொதுப்பணியைக் கைவிடாதிருந்தார். 149-இல் தமது 85-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

இத்துணைச் சிறப்புடையார்பால் ஒரு பெருங்குறையும் உண்டு. மூத்த எருதையும், முதுமையோ நோயோ உற்ற அடிமையையும் விற்றுவிடுக என்று அவர் நூல் விதிக்கின்றது. அவர் சரிதத்தை எழுதிய புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர் இதனை வன்மையாகக் கடிந்து, தமக்காக உழைத்துத் தளர்ந்த எருதைத் தாம் விற்கமாட்டாரென்றும் எழுதினார். முதுமையிலும் ஊரார் மதிப்பைக் குறைவின்றிப் பெற்ற கேட்டோ, தம் கொல்லையில் உழைத்து முதிர்ந்தார்க்கு ஒரு மூலையும் அளிக்க எண்ணவில்லை. உடன் உழுது உடன் உண்டவரின் நெஞ்சம், அவர் கை தளர்ந்தவிடத்து வன்மையாயிற்று.

ஆதலின், நம் சங்கத்துத் தந்தையரும் தாயரும் தம் மக்கட்கு நாள்தோறும் ஒரு நாழிகையேனும் தாமே கற்பிப்பாராக. நம் வயலில் உழைத்து மூத்த பண்ணையாளையும் எருதையும் இறுதிவரை புரப்பாராக. முன்னதைக் கேட்டோவின் குணத்தினின்றும், பின்னதை அவர் குற்றத்தினின்றும் நாம் கற்றுக்கொள்வோம்.