கொள்ளிடக் கரையில் சண்டை போட்ட 'ஜேம்ஸ்'... ஆண் வேஷத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த ஹன்னா ஸ்னெல்!

ராசிபுரம், பரமத்தி வேலூர், ஆத்தூர்னு நம்ம பக்கத்து வயக்காடுகளைப் பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. குச்சிக்கிழங்கு பிடுங்குற, கடலைக்கொடி பறிக்கிற பெண்கள் எல்லாருமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உடுத்தியிருப்பாங்க. சேலைக்கு மேலே வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில ஒரு துண்டு. வெயிலுக்கும் சொணைக்கும் அதுதான் காப்பு. நம்ம அம்மாவோ, அம்மாயியோ, அப்பத்தாவோ அப்படிச் சட்டை மாட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போனவங்கதானே?

அந்தச் சட்டையை ஒரு பெண் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கழற்றிடுவார். கழற்றவே முடியாத நிலையில், இரவும் பகலும் நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே, ஆண் உடையிலேயே ஒரு பெண் வாழ்ந்திருந்தால்? அதுவும் கையில் துப்பாக்கியோடு, நம்ம கடலூரிலும் புதுச்சேரியிலும் கொள்ளிடக் கரையிலும்?

அவர் பெயர் ஹன்னா ஸ்னெல். படைப் பதிவேட்டில் அவர் பெயர் ஜேம்ஸ் கிரே.

கடன் வாங்கிய உடுப்பு, கடன் வாங்கிய பெயர்

ஹன்னா 1723-ல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் பிறந்தவர். அப்பாவுக்குத் துணிகளுக்குச் சாயம் போடும் தொழில், காலுறை வியாபாரம். சாயப்பட்டறைக் குடும்பம்னு சொன்னா சேலத்துக்காரங்களுக்குச் சட்டுனு புரியும். பெற்றோர் இறந்த பிறகு, லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் வாப்பிங் என்ற துறைமுகப் பகுதிக்கு, சகோதரி சூசன்னாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சகோதரியின் கணவர் ஒரு தச்சர். அவர் பெயர்தான் ஜேம்ஸ் கிரே.

1744-ல் ஜேம்ஸ் சம்ஸ் என்ற டச்சு மாலுமியைக் கல்யாணம் செய்துகொண்டார் ஹன்னா. அது நிலைக்கவில்லை. கையில் இருந்த காசையெல்லாம் கரைத்துவிட்டு, மனைவி மாசமாக இருக்கும்போதே கணவன் காணாமல் போய்விட்டான். 1746-ல் பெண் குழந்தை பிறந்தது. அதுக்கும் சூசன்னானு சகோதரியின் பெயரையே வைத்தார். சில மாதங்களில் அந்தக் குழந்தையும் இறந்துபோனது.

கணவனும் இல்லை, குழந்தையும் இல்லை, சம்பாத்தியமும் இல்லை. 18-ம் நூற்றாண்டு லண்டனில் அப்படி ஒரு ஏழைப் பெண்ணுக்கு இருந்த வழிகளை எண்ண ஒரு கை விரலே அதிகம். வீட்டு வேலை, தையல், இல்லாவிட்டால் தெரு.

ஹன்னா வேறொரு வழியைப் பிடித்தார். சகோதரியின் கணவருடைய உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். கூடவே அவருடைய பெயரையும். ஓடிப்போன கணவனைத் தேடத்தான் கிளம்பினார் என்று பின்னாளில் அவரைப் பற்றி வந்த புத்தகம் சொல்கிறது. அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சாப்பாடும் சம்பளமும் தருகிற வேலை எல்லாம் அன்று ஆண்களுக்குத்தான் இருந்தது என்பதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

கடலூருக்கு வந்த கப்பல்

1747 கடைசியில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில், கப்பலில் போய்ச் சண்டை போடும் மரைன் படையில் சேர்ந்தார் 'ஜேம்ஸ் கிரே'. அவரை ஏற்றிய கப்பலின் பெயர் ஸ்வாலோ. அட்மிரல் பாஸ்கவன் தலைமையில் இந்தியாவுக்குக் கிளம்பிய பெரிய கடற்படையில் அதுவும் ஒன்று.

அப்போது இங்கே என்ன நிலவரம்? சேலமும் நாமக்கல்லும் மைசூர் ஆட்சியில் இருந்தன. கடற்கரையிலோ இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கொண்டிருந்தார்கள். 1746-ல் மதராஸை பிரெஞ்சுப் படை பிடித்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தமிழ்க் கடற்கரையில் மிஞ்சிய முக்கியமான இடம், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை. மதராஸ் இழப்புக்குப் பழி வாங்க, பிரெஞ்சுத் தலைநகரான புதுச்சேரியைப் பிடிப்பதுதான் பாஸ்கவனுக்கு இடப்பட்ட வேலை.

கப்பலில் மாதக்கணக்கான பயணம். நெருக்கியடித்துப் படுக்கை. தனியாகக் குளிக்கவோ உடை மாற்றவோ இடம் கிடையாது. மாதவிலக்கு நாள்களை அவர் எப்படிச் சமாளித்தார் என்று இதைப் படிக்கும் பெண்களுக்கு உடனே கேள்வி வரும். எனக்கும் வந்தது. அவருடைய கதையை எழுதியவருக்கு வரவில்லை. அந்தப் புத்தகம் அதைத் தொடவே இல்லை.

முகத்தில் மீசை, தாடி முளைக்காததை மட்டும் எல்லோரும் கவனித்தார்கள். சக மாலுமிகள் 'மிஸ் மாலி கிரே' என்று பெண் பெயர் சூட்டிக் கேலி செய்தார்கள். ஹன்னா கோபப்படவில்லை, ஒதுங்கவும் இல்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்து, கூத்தடித்து, கடைசியில் நல்ல பையன் என்று பெயரெடுத்தார். கேலியைக் கேலியாலேயே கடப்பது எவ்வளவு பெரிய வித்தைன்னு, ஆண்கள் மட்டும் இருக்கிற இடத்தில் வேலை பார்த்த எந்தப் பெண்ணும் சொல்லுவாங்க.

தண்ணீர் நிறைந்த பள்ளத்தில்

1748 ஆகஸ்டில் புதுச்சேரி முற்றுகை தொடங்கியது. முதலில் அரியாங்குப்பம் கோட்டையில் சண்டை. பிறகு நகரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, பீரங்கிகளை நிறுத்தி, குண்டு மழை. கோட்டைக்குள்ளே கவர்னர் டூப்ளே. அவரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, வழக்கம்போலத் தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கோட்டைக்கு வெளியே பள்ளத்தில் நின்றவர்களில் ஒரு சிப்பாய் பெண் என்பது அவருக்கும் தெரியாது, டூப்ளேவுக்கும் தெரியாது, பாஸ்கவனுக்கும் தெரியாது.

மழைக்காலம் நெருங்கியது. பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தது. மார்பளவுத் தண்ணீரில் நின்று காவல் காத்ததாகவும், 37 முறை துப்பாக்கியால் சுட்டதாகவும் ஹன்னாவின் புத்தகம் கணக்குச் சொல்கிறது. அக்டோபரில் இங்கிலீஷ் படை முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியது. குண்டுக்கும் காய்ச்சலுக்குமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்திருந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் தேவிக்கோட்டைச் சண்டை. தஞ்சாவூர் மராத்திய அரியணைக்கான தகராறில், பதவி இழந்த ஷாஜிக்கு ஆதரவு என்ற பெயரில் கம்பெனி மூக்கை நுழைத்தது. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த இந்தக் கோட்டையை, 1749 ஜூனில் மேஜர் லாரன்ஸ் தலைமையிலான படை பிடித்தது. அதில் முன்னணியில் நின்ற இளம் லெப்டினன்ட்தான், பின்னாளில் பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவ்.

பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் நம்ம கண் முன்னாடி ஓடுற அதே காவிரிதான் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகி அங்கே போய்க் கடலில் சேருது. அந்த ஆற்றின் கடைக்கோடிச் சேற்றில், 26 வயதில் சண்டை போட்டார் வூஸ்டர் சாயக்காரர் மகள்.

அந்தப் பெயர் தெரியாத பெண்

இரண்டு கால்களிலும் சேர்த்து 11 காயங்கள். போதாததுக்கு, தொடை இடுக்கில் ஒரு குண்டு. இது புதுச்சேரியில் நடந்ததாகப் புத்தகமும் சொல்கிறது, ஓய்வூதியப் பதிவேடும் சொல்கிறது. கடற்படை ஆவணங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், தேவிக்கோட்டையில் பட்ட காயமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். இடம் எதுவானாலும், அவர் கடலூர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார் என்பதில் குழப்பமில்லை.

கால் காயங்களைக் காட்டலாம். அந்த ஒரு குண்டை எப்படிக் காட்டுவது? வைத்தியர் பார்த்தால் ரகசியம் உடையும். காட்டாவிட்டால் புண் சீழ் பிடித்து உயிரே போகலாம். அவர் எடுத்த முடிவு நம்மை உறைய வைக்கும். கால் காயங்களுக்கு மட்டும் வைத்தியரிடம் மருந்து போட்டுக்கொண்டார். இடுப்புக் குண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு விரலாலேயே துழாவி, அந்தக் குண்டைத் தன் கையாலேயே வெளியே எடுத்தார்.

அப்போது அவருக்குத் துணையாக இருந்தது ஒரு உள்ளூர்ப் பெண். மருத்துவமனையில் பணிவிடை செய்தவர். புண்ணுக்கு வைக்கத் துணியும் களிம்பும் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான் என்கிறது ஹன்னாவின் கதை. குண்டை எடுத்ததே அந்தப் பெண்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டில் எது சரியாக இருந்தாலும், படை முழுவதுக்கும் தெரியாத ஒரு விஷயம் கடலூரில் ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பரிசுகூடக் கிடைத்திருக்கும். அவர் வாயைத் திறக்கவில்லை. மொழி தெரியாத, ஊர் தெரியாத, தன் மண்ணைப் பிடிக்க வந்த படையிலேயே இருந்த ஒருத்தியின் உயிரைக் காப்பாற்றிவிட்டுப் போய்விட்டார். ஹன்னாவின் பெயர் புத்தகமானது, நாடகமானது. அந்தப் பெண்ணின் பெயரை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மேடையில் துப்பாக்கிப் பயிற்சி

உடம்பு தேறியதும் எல்தாம் என்ற போர்க்கப்பலில் ஊர் திரும்பினார். வழியில், தேடிவந்த கணவன் இத்தாலியின் ஜெனோவா நகரில் ஒரு கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனைக்கு உள்ளானதாகச் செய்தி கிடைத்தது என்கிறது புத்தகம்.

1750 கோடையில் இங்கிலாந்து மண்ணில் கால் வைத்து, சம்பளத்தையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் கூட இருந்தவர்களிடம் உண்மையைச் சொன்னார். வரிசையைக் கவனிச்சீங்களா? முதலில் சம்பளம், அப்புறம் ரகசியம்! கேட்டவர்கள் திகைத்தார்கள், ஆனால் விரட்டவில்லை. மன்னரின் மகனும் படைத் தலைவருமான கம்பர்லாந்து கோமகனிடம் ஓய்வூதியம் கேட்டு மனு கொடுக்கச் சொன்னதே அந்த நண்பர்கள்தான். ஹன்னா நேரில் போய் மனு கொடுத்தார். அந்த நவம்பரில், முதிய படைவீரர்களுக்கான செல்சி மருத்துவமனையின் ஓய்வூதியப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. பெண் பெயரில், சொந்தப் பெயரில். சேவைக்காகவும் காயத்துக்காகவும் ஒரு பெண்ணுக்கு அப்படி ஓய்வூதியம் கிடைப்பது அன்று அபூர்வத்திலும் அபூர்வம்.

அதற்குள் லண்டன் முழுக்க அவர் பேச்சுதான். ராபர்ட் வாக்கர் என்ற பதிப்பாளர் அவர் கதையை 'பெண் சிப்பாய்' என்ற தலைப்பில் புத்தகமாகப் போட்டார். அதில் கலப்படமும் உண்டு. மரைன் படைக்கு முன்னாடியே அவர் தரைப்படையில் இருந்து 500 கசையடி வாங்கியதாக அதில் வருகிறது. குழந்தை பிறந்த காலத்தோடு அந்தக் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஐந்து வருடம் ஆண் வேஷம் என்பதும் மிகைதான். உறுதியாகத் தெரிவது ஏறக்குறைய இரண்டரை வருடம். உண்மையே போதுமானதாக இருந்தும், விற்பதற்காக மசாலா சேர்த்தார்கள். இன்றைய தலைப்புகளைப் பார்க்கிற நமக்கு அது புதுசா என்ன?

ஹன்னாவும் மேடையேறினார். சீருடையோடு துப்பாக்கிப் பயிற்சி செய்துகாட்டினார், பாட்டுப் பாடினார். ரகசியமாக இருந்த உடுப்பே இப்போது வேடிக்கைப் பொருளாகிக் காசு கொண்டுவந்தது. பிறகு வாப்பிங்கில் ஒரு மதுக்கடை வைத்தார். 1759-ல் சாமுவேல் ஐல்ஸ் என்ற தச்சரை மணந்து இரண்டு மகன்களுக்குத் தாயானார். அவருக்குப் பின் 1772-ல் மூன்றாவது திருமணம்.

கடைசி நாள்கள்

முடிவு சோகமானது. 1791-ல் மனநலம் பாதிக்கப்பட்டு, லண்டனின் பெத்லெம் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். ஆறே மாதத்தில், 1792 பிப்ரவரி 8-ல் அங்கேயே இறந்தார். அவர் விருப்பப்படி, செல்சி மருத்துவமனைப் படைவீரர்களின் கல்லறை வளாகத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதே 1792 மார்ச்சில்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமஹாலும் கம்பெனியின் கைக்கு வந்தன. ஹன்னா நின்றபோது கடலோரத்தில் ஒரு கோட்டையைத் தக்கவைக்கத் திணறிய கம்பெனி, அவர் இறந்தபோது நம்ம வாசலுக்கே வந்துவிட்டது. அவரைக் கொண்டாடும்போது இதையும் மறந்துவிட முடியாது.

இவரைப் போல உலகத்தில் இன்னும் சிலர் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குதிரை வண்டி ஓட்டிய சார்லி பார்க்ஹர்ஸ்ட், கரடுமுரடான மலைப்பாதைகளில் பெயரெடுத்த ஓட்டுநர். 1879-ல் இறந்த பிறகுதான் உடலைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது. 1868-லேயே வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததோ 1920-ல். லாரித் தொழிலை உயிராக நினைக்கும் நாமக்கல்லில், ஓட்டுநர் இருக்கையில் இன்றைக்கும் எத்தனை பெண்களைப் பார்க்கிறோம்?

ஹன்னாவுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அதுக்காக ஒரு சட்டையை மாட்டினார். அடுத்த முறை காட்டில் முழுக்கைச் சட்டையோடு குனிந்து நிற்கும் பெண்களைப் பார்த்தால், கடலூர் மருத்துவமனையில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த 'ஜேம்ஸ் கிரே'யை நினைச்சுக்கோங்க. அவர் பக்கத்தில் களிம்போடு நின்ற, நம்ம ஊர்ப் பெண்ணையும் சேர்த்து.