ராபர்ட் பிரௌன்

ராபர்ட் பிரௌன் (டிசம்பர் 21, 1773 – ஜூன் 10, 1858) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆவார். பிரௌனியன் இயக்கம் இவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது. உயிரணுவின் கருவுக்குப் பெயரிட்டவரும் இவரே. உலகின் மிகப் பெரிய தனிப்பூவைக் கொண்ட ரஃப்லேசியா என்னும் ஒட்டுண்ணித் தாவரத்தை அதன் பூவின் உறுப்புகளைக் கொண்டே புதிய பேரினமாக நிறுவியது இவரது முக்கியப் பணிகளுள் ஒன்றாகும்.

வாழ்க்கை

பிரௌன் ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸ் நகரில் ஒரு சமயகுருவின் மகனாகப் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். ஆயினும் பட்டம் பெறவில்லை. பின்னர் படைப்பிரிவொன்றில் துணை அறுவை மருத்துவராக அயர்லாந்தில் பணியாற்றினார். ஜோசப் பேங்க்சின் பரிந்துரையால், 1801 ஆம் ஆண்டு மாத்தியூ பிளிண்டர்சின் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் இயற்கையியலாளராகச் சென்றார். 1805 இல் ஆயிரக்கணக்கான தாவர மாதிரிகளுடன் நாடு திரும்பினார். அவற்றுள் பல அறிவியலுக்குப் புதியவை. 1810 இல் ஆஸ்திரேலியத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் பேங்க்சின் நூலகரானார்.

ரஃப்லேசியாவை இனங்காணல்

1818 ஆம் ஆண்டு மே மாதம், சுமாத்திராவின் மன்னா ஆற்றங்கரைக் காட்டில் மருத்துவர் ஜோசப் ஆர்னால்டு மிகப் பெரிய பூ ஒன்றைக் கண்டார். அதை அவருக்குக் காட்டியவர் ஒரு மலாய்ப் பணியாளர். பூவின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மீட்டர். எடை ஏறத்தாழ 7 கிலோகிராம். பயணத்தில் உடனிருந்தவர் ஆளுநர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். சில வாரங்களிலேயே ஆர்னால்டு காய்ச்சலால் இறந்தார். பூவின் மாதிரியும் படங்களும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டுப் பிரௌனிடம் வந்து சேர்ந்தன.

தாவரங்களை இனங்காண வழக்கமாக உதவும் இலையோ தண்டோ இதில் இல்லை. பூ ஒரு கொடியின் வேரிலிருந்து நேரடியாக வெளிப்பட்டிருந்தது. எனவே அது அக்கொடியின் பூவா, வேறொரு தாவரமா என்பது முதலில் தீர்க்கப்பட வேண்டியிருந்தது. அக்கொடி திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பூக்கள் மிகச் சிறியவை. பெரும் பூ அதன்மேல் வாழும் ஒட்டுண்ணி எனப் பிரௌன் விளக்கினார்.

அவர் கருத்திற்கொண்ட அடையாளங்கள் பின்வருமாறு:

* தடித்த, சதைப்பற்றுள்ள ஐந்து மடல்கள். அவற்றின் மேல் வெளிறிய புடைப்புகள்
* மடல்களுக்கு உள்ளே, நடுக்குழியைச் சூழ்ந்த வளையம்
* குழியின் நடுவில், மேற்புறத்தில் கொம்பு போன்ற நீட்சிகளைக் கொண்ட தட்டு
* தட்டின் விளிம்புக்கு அடியில் மறைந்திருக்கும் மகரந்தப்பைகள். ஒவ்வொன்றும் ஒரே துளையால் திறப்பது

மகரந்தப்பைகளின் இந்த அமைப்பால் அவர் முதலில் ஆராய்ந்த பூ ஆண்பூ எனத் தெரிந்தது. 1820 சூன் 30 அன்று இலண்டன் லின்னேயன் சங்கத்தில் தம் ஆய்வைப் படித்தார். பேரினப் பெயர் ராஃபிள்சையும், இனப்பெயரான ஆர்னால்டியை என்பது ஆர்னால்டையும் நினைவுகூர்கின்றன. ஆய்வுக் கட்டுரைக்கான படங்களைப் பிரான்ஸ் பவுவர் வரைந்தார்.

இத்தாவரம் எக்குடும்பத்துக்கு உறவுடையது என்பதில் பிரௌன் அவசரப்படவில்லை. ஆடுதீண்டாப்பாளை அடங்கும் குடும்பம் உட்படப் பலவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பெண்பூவையும் கனியையும் விளக்கும் கட்டுரையை 1834 இல்தான் சங்கத்தில் படித்தார். ஒட்டுண்ணி வாழ்வில் இலையும் தண்டும் மறைந்துவிடுவதால் புற அமைப்பை மட்டும் கொண்டு உறவை அறிவது கடினம். 2007 இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு, ரஃப்லேசியா ஆமணக்குக் குடும்பத்துக்குள்ளிருந்து தோன்றியது எனக் காட்டியது. அக்குடும்பத்தின் பூக்கள் பெரும்பாலும் சிறியவை. உறவு பற்றிய முடிவு மாறியபோதும், பிரௌன் நிறுவிய பேரினம் நிலைத்துள்ளது.

பிற பணிகள்

1827 இல், கிளார்க்கியா என்னும் செடியின் மகரந்தத்திலுள்ள நுண்துகள்கள் நீரில் ஓயாது அசைவதைக் கண்டார். உயிரற்ற பொருள்களின் துகள்களும் அவ்வாறே அசைந்ததால் இது உயிரின் செயலன்று எனத் தெளிந்தார். இதற்கான விளக்கத்தை 1905 இல் ஐன்ஸ்டைன் அளித்தார். 1831 இல் ஆர்க்கிட் தாவரங்களை ஆராய்ந்தபோது உயிரணுக்கருவுக்குப் பெயரிட்டார்.

இறுதிக் காலம்

பேங்க்ஸ் 1820 இல் இறந்தபின் அவரது தாவரத் தொகுப்பு பிரௌனின் பொறுப்பில் வந்தது. 1827 இல் அது பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. பிரௌன் அங்கே அதன் காப்பாளரானார். 1839 இல் கோப்லி பதக்கம் பெற்றார். 1849 முதல் 1853 வரை லின்னேயன் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1858 இல் இலண்டனில் காலமானார்.