பம்பரம் சுற்றிய மேக்ஸ்வெல்

கல்யாண வீடியோவில் மண்டபத்துக்குள்ள மஞ்சளா இருந்த மாப்பிள்ளை, வாசலுக்கு வந்ததும் நீலமா மாறுவதைப் பார்த்திருப்பீங்க. கேமராமேன் வெள்ளைப் பேப்பரைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் செய்ய மறந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த சங்கதிக்கு அஸ்திவாரம் போட்டவர், நம்ம சிலபஸில் சமன்பாடுகளாக வந்து மிரட்டும் அதே மேக்ஸ்வெல்தான்!

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1831 ஜூன் 13-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். எட்டு வயசில் தாயை இழந்தார். பள்ளியில் அவருடைய நாட்டுப்புற உடையையும் பேச்சையும் பார்த்து மக்கு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த மக்கு 14 வயசில் எழுதிய கணிதக் கட்டுரை, எடின்பரோ ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. (பொடியன் என்பதால் வாசித்தது ஒரு பேராசிரியர்!)

எனக்குப் பிடித்தது அவருடைய பம்பரம்தான். சிவப்பு, பச்சை, நீலக் காகித வட்டுகளை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகி, வேண்டிய அளவு மட்டும் வெளியே தெரிய வைத்தார். நடுவில் கறுப்பும் வெள்ளையும் கொண்ட சிறிய வட்டுகள். சுற்றினால் நடுவில் சாம்பல் நிறம் வரும். வெளி வட்டமும் அதே சாம்பலாகும் வரை மூன்று நிறங்களையும் கூட்டிக் குறைத்து, ஓரத்தில் இருந்த 100 பிரிவுகளில் அளவு பார்த்துக் குறித்துக்கொண்டார். பகலில் சரியாக இருந்த கணக்கு, கேஸ் விளக்கு வெளிச்சத்தில் மாறிப்போனது. நம்ம மாப்பிள்ளைக்கு நடந்ததும் அதுதானே! இன்றைய கேமராவும் வெள்ளையைப் பார்த்து, பச்சைக்குச் சமமாக சிவப்பு, நீலம் இரண்டின் கெயினைத்தான் ஏற்றி இறக்குகிறது.

1860-ல் இந்த ஆராய்ச்சிக்காக ரம்ஃபோர்டு பதக்கம் கிடைத்தது. 1861 மே 17-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், தாமஸ் சட்டன் எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட ரிப்பன் படங்களை, மூன்று வண்ண ஃபில்டர்கள் வழியாக ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்தார். ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது! சிவப்பும் பச்சையும் நீலம் அளவுக்குப் பதியவில்லை என்பதை அவரே மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

பின்னர் 1871-ல் கேம்பிரிட்ஜின் முதல் கேவண்டிஷ் பேராசிரியர் ஆனார். தாயைப் பறித்த அதே வயிற்றுப் புற்றுநோய் 1879 நவம்பர் 5-ல் அவரையும் பறித்தது. வயசு 48-தான்.

ஆனால் ஒரு புதிர் மிச்சம் இருந்தது. அந்தக்கால ஃபோட்டோ பிளேட்டுக்கு சிவப்பு ஒளியே உறைக்காது. அப்புறம் எப்படிப் படம் விழுந்தது? சரியாக 100 வருஷம் கழித்து, 1961-ல் கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவான்ஸ் குழு செய்து பார்த்தது. சிவப்புத் துணி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் சேர்த்துப் பிரதிபலித்திருக்கிறது. சிவப்புத் திரவ ஃபில்டர் அதை உள்ளே விட்டிருக்கிறது. பிளேட்டில் பதிந்தது அதுதான்.