தடுப்பூசிக்கு 'துணை' தேடிய குதிரை டாக்டர்: யார் இந்த கஸ்தோன் ரமோன்?

ஒன்றரை மாதக் குழந்தைக்கு பென்டாவேலன்ட் ஊசி போட்ட அன்று தொடை லேசாக வீங்கும். ராத்திரி முழுக்க அழும். பெற்றோருக்குப் பதறத்தான் செய்யும். ஆனா, அப்படிப்பட்ட வீக்கத்தில் ஒரு ரகசியம் இருக்குன்னு 100 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தவர் ஒரு கால்நடை மருத்துவர்.

1886-ல் பிரான்ஸின் பெல்ஷோம் கிராமத்தில் பிறந்தார் கஸ்தோன் ரமோன். அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியில் படித்து, 1911-ல் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது தொண்டை அடைப்பான் குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. குதிரைக்குக் கிருமியின் நச்சைச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம்தான் அன்றைய மருந்து.

நச்சு எப்படித் தடுப்பூசி ஆனது?

நோய் வந்த பிறகு காப்பாற்றுவதைவிட, வராமலே தடுக்க முடியாதா? நச்சில் கொஞ்சம் ஃபார்மலின் கலந்து, இளஞ்சூட்டில் சில வாரம் வைத்தார் ரமோன். விஷத்தன்மை போனது, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் குணம் மட்டும் தங்கியது. 1923-ல் வந்த இந்த 'டாக்ஸாய்டு' முறைதான் தொண்டை அடைப்பான், டெட்டனஸ் ஊசிகளுக்கு இன்றும் அடிப்படை.

ஜவ்வரிசிக்கு இங்கே என்ன வேலை?

ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டிய குதிரைகளின் சீரம் அதிக வீரியத்தோடு இருப்பதை ரமோன் கவனித்தார். அப்போ, அந்த அழற்சியை நாமே உண்டாக்கினால்? ஜவ்வரிசி செய்யப் பயன்படும் மரவள்ளி மாவை மருந்தோடு கலந்து போட்டார். எதிர்ப்பு சக்தி எகிறியது! 1925-ல் வெளியான இந்த உத்திக்குப் பெயர் 'அட்ஜுவன்ட்', அதாவது துணைப்பொருள். காரணம் எளிது: அழற்சி, நோய் எதிர்ப்பு செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. மறு ஆண்டே பிரிட்டனின் அலெக்சாண்டர் கிளென்னி படிகாரத்தை இதே வேலைக்குப் பயன்படுத்தினார். பென்டாவேலன்ட்டில் இன்றும் அலுமினிய உப்புதான் துணை.

இப்போது எதற்கு இந்தக் கதை?

பல்லை ஆட்டங்காண வைக்கும் ஈறு நோய்க்கு முக்கியக் காரணமான பாக்டீரியாக்களில் ஒன்று போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். அதன் புரதத்தோடு எந்தத் துணைப்பொருளைச் சேர்த்தால் தாடை எலும்பு கரையாமல் தடுக்கலாம் என்று ஆய்வகங்களில் எலிகளிடம் சோதிக்கிறார்கள். மனிதர்களுக்கான ஊசி இன்னும் வரவில்லை. ஆனா, கேட்கப்படுவது ரமோன் குதிரை லாயத்தில் கேட்ட அதே கேள்விதான்.

நோபல் பரிசுக்கு 150 தடவைக்கும் மேல் பரிந்துரைக்கப்பட்டார் ரமோன். ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 1963-ல் மறைந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய வேலை நம்ம எல்லார் உடம்பிலும் இருக்கு.